ஐந்தாவது வீட்டுக் கூரை

நான் வேலை பார்த்த தீயணைப்பு நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் தப்பு செய்தது நான். ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே வேலை பார்த்த மற்றவர்கள் தலையில் அதைக் கட்ட எனக்கு மனமில்லை.

என் கணவர் இந்தத் துறையில் வண்டி ஓட்டியவர். அவர் காலமான பிறகு கருணை அடிப்படையில் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. முதலில் விழுப்புரத்தில் கோப்பு தூக்கினேன். பிறகு ஒரு நிலையத்தில் எழுத்து வேலைக்கு ஆள் இல்லை என்று அங்கே அனுப்பினார்கள். திண்டிவனத்தில் வீடு, தினமும் பஸ். காக்கி போட்ட ஆண்களுக்கு நடுவே சேலை கட்டிய ஆள் நான் ஒருத்திதான். துறையில் தோளில் நட்சத்திரம் வைத்த பெண் அதிகாரிகள் இருக்கிறார்கள். யாராவது ஆய்வுக்கு வந்தால் நானும் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன். என் தோளில் முந்தானையைத் தவிர ஒன்றும் கிடையாது.

ஆனாலும் நிலையத்தில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அது வந்த கதை சின்னது. கிராமங்களுக்குப் போய் சிலிண்டர் தீயை எப்படி அணைப்பது என்று எங்கள் ஆட்கள் செய்து காட்டுவார்கள். வாட்டசாட்டமான ஆள் ஒருவர், தலையில் ஹெல்மெட், காலில் பூட்ஸ். ஈரச் சாக்கை வீசி அணைப்பார். பெண்கள் தூரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வந்து செய்து பாருங்கள் என்றால் ஒருத்தியும் வரமாட்டாள். குறிப்பெடுக்கக் கூடவே போயிருந்த எனக்கு ஒரு நாள் கோபம் வந்துவிட்டது. நோட்டையும் பேனாவையும் வண்டியில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ச் சாக்கை வாங்கி நானே அணைத்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு மட்டும் இருபது பெண்கள் வரிசையில் வந்து செய்தார்கள். அப்போதிலிருந்து நான் இல்லாமல் எங்கள் ஆட்கள் எந்த ஊருக்கும் போகமாட்டார்கள். கிராமங்களில் எனக்கு ஃபயர் டீச்சர் என்று பெயர்.

ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து ஓர் அறிக்கை போடவேண்டும். நிலையப் பணியாளர்கள் செயல்விளக்கம் அளித்தனர் என்று எழுதுவேன். ஐந்து வருடம் அப்படித்தான் எழுதினேன். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. எழுதியவளே நான் என்பதால் வெளியே சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது மட்டும் நிஜம்.

இப்போது நான் சொல்ல வந்த கிராமம். மாசி மாதம் அங்கே போனோம். கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் பதினான்கு வீடுகள், எல்லாம் கரும்புச் சோகை வேய்ந்த கூரை. ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி. நான் வழக்கம்போல சிலிண்டரைப் பற்றவைத்து அணைத்துக் காட்டினேன். கைதட்டினார்கள். அப்போது பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"சிலிண்டர் சரிங்க மேடம். கூரை பத்திக்கிச்சின்னா இன்னா பண்றது? சாக்க எடுத்துக்கினு மேல ஏறுறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவருக்கு நாற்பது வயது இருக்கும். நடவுக்கும் களைக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர். எந்த வயலுக்கு யார் போவது, யார் நாற்றுப் பறிப்பது, யார் நடுவது என்று அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாதாம். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு அவர் ஒரு வாயாடி.

"போன் பண்ணீங்கன்னா வண்டி உடனே வரும்மா," என்றேன்.

"உடனேன்னா எவ்ளோ நேரங்க?"

"அரை மணி ஆகும்."

"அரை மணில இந்தத் தெருவே இருக்காதுங்களே."

ஐந்து வருடத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. எங்கள் லீடிங் ஃபயர்மேன் முன்னால் வந்தார். இருபது வருடம் தீயோடு மல்லுக்கட்டியவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது.

"எரியற வூட்ட வுட்டுடுங்க. அத உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க. அந்தப் பக்கம் ரெண்டு வூடு தள்ளி ஒரு கூரைய பிரிச்சி கீழ தள்ளிடுங்க. சோகையெல்லாம் தூர வாரிப் போட்டுட்டு தண்ணி ஊத்துங்க. நெருப்புக்குப் புடிச்சிக்க ஒண்ணும் இல்லன்னா அங்கயே நின்னுடும்."

"தொரட்டி போதுங்களா?"

"ரெண்டு தொரட்டி, கயித்த அறுக்க ஒரு கத்தி. போதும்."

அந்த அம்மா அங்கேயே திரும்பி நின்று வேலை பிரித்தார். மோட்டார் போட ஒருத்தி, சிலிண்டர்களை வெளியே எடுக்க இரண்டு பேர், பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக இரண்டு பேர், குடம் கைமாற்ற மற்றவர்கள், துரட்டிக்குத் தன்னோடு மூன்று பேர். பெண்கள் தலையாட்டிக்கொண்டு அங்கங்கே போய் நின்றார்கள். அவர் இரண்டு முறை நடத்திப் பார்த்தார். எங்கள் ஆட்கள் மரத்தடியில் நின்று ரசித்துப் பார்த்தார்கள். நான் ஈரச் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், தண்ணீர் என் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. எரிச்சலாக இருந்தது. நான் ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பெயரை ஒரு மத்தியானத்தில் இவர் வாங்கிக்கொண்டு போகிறாரே என்று இருந்தது.

வைகாசியில் அந்தத் தெரு எரிந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல், கடல் காற்று கிழக்கே இருந்து எழும்புகிற நேரம். கிழக்குக் கோடியில் முதல் வீட்டு அடுப்பில் ஆரம்பித்தது. எங்கள் வண்டி போய்ச் சேரும்போது நான்கு வீடுகள் முடிந்திருந்தன. ஐந்தாவது வீட்டின் கூரையைப் பிரித்துக் கீழே தள்ளி, சோகையை வாரி எறிந்து, சுவரெல்லாம் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்களாம். நெருப்பு அங்கே வந்து நின்றிருந்தது. ஆறிலிருந்து பதினான்கு வரை ஒன்பது வீடுகளில் ஒரு சோகைகூடக் கருகவில்லை. ஓர் ஆளுக்கும் காயமில்லை, அந்த அம்மாவின் முழங்கையில் மட்டும் கொப்புளம்.

மறுநாள் நான் நிலைய அலுவலரோடு விவரம் எடுக்கப் போனேன். ஐந்தாவது வீடு மொட்டையாக நின்றது. சுவரில் ஒரு பக்கம் மட்டும் லேசாகப் புகை படிந்திருந்தது. அந்த வீட்டுக்காரன் சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி தெருவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிரிக்காதே பிரிக்காதே என்று அவள் கத்தியிருக்கிறாள், அந்த அம்மா காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரு முழுவதற்கும் தெரியும். அந்த ஒருத்திக்குச் சமாதானம் சொல்லத்தான் யாருக்கும் தெரியவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியதும் லீடிங் ஃபயர்மேன் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், அந்த அம்மா பேரு போட்டு எழுதுங்க. நாம சொல்லிக் குடுத்துதான் பிரிச்சாங்கன்னும் எழுதுங்க. நாளைக்கு எவனாவது எரியாத வூட்ட ஏன் பிரிச்சன்னு கேட்டான்னா அது ஒண்ணுதான் அவங்களுக்குத் துணை."

எழுதுகிறேன் என்றேன்.

தீ அறிக்கைப் படிவத்தில் வண்டி எண் எழுத இடம் உண்டு, புறப்பட்ட நேரம் எழுத இடம் உண்டு, போன பணியாளர்களின் பெயரும் பதவியும் எழுத இடம் உண்டு. பதவி இல்லாதவர்களுக்கு இடம் கிடையாது. இந்தக் காரணத்தைத்தான் நான் வெகுநாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் கீழே குறிப்பு என்று நான்கு வரி இருக்கிறது. அதில் நான் எதை எழுதினாலும் நிலைய அலுவலர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார், அந்த அளவுக்கு என்மேல் நம்பிக்கை. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பெயரே வராத கோப்பில் இந்த அம்மா பெயர் எதற்கு என்று தோன்றியது. இதுதான் நடந்தது, இதில் சேர்க்கவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. பொதுமக்கள் உதவியுடன் தீ மேலும் பரவாமல் தடுக்கப்பட்டது என்று எழுதி முடித்தேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

லீடிங் ஃபயர்மேனுக்கு அடுத்த மாதம் பதவி உயர்வோடு தெற்கே மாற்றல் வந்தது. விடைபெறும்போது, "அத எழுதிட்டீங்க இல்ல மேடம்?" என்றார். எழுதிவிட்டேன் என்று தலையாட்டினேன்.

ஐந்தாவது வீட்டுக்காரன் ஊருக்குத் திரும்பினான். எரிந்த வீடுகளின் பட்டியலில் அவன் வீடு இல்லை, ஏனென்றால் அது எரியவில்லை. அரசு வீட்டுக்கு எழுதிப்போட்டவர்களில் முதல் நான்கு பேர் இருந்தார்கள், அவன் இல்லை. அவனுடைய கோபத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. போன வருடம் தன் மனைவியை நடவுக்குச் சேர்க்காமல் விட்ட பகையில் அந்த அம்மா வேண்டுமென்றே கூரையைப் பிரித்துவிட்டாள் என்று போலீசில் புகார் கொடுத்தான்.

அந்த அம்மா நிலையத்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவரிடம், போட்டுக்கொண்டே வரலாம் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"ரிப்போர்ட்டுல ஒரு காப்பி குடுங்க மேடம். போலீஸ் ஸ்டேஷன்ல காட்டணும். அதுல இருக்கும் இல்ல, நீங்க சொல்லிக் குடுத்ததுதான் நான் பண்ணேன்னு."

நகல் எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது. அவர் நின்றபடியே எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்தார். இரண்டு பக்கம். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"இதுல நான் எங்க இருக்கேங்க?"

குறிப்பில் இருந்த வரியைக் காட்டினேன். அவர் அதைப் படித்தார்.

"இதக் காட்டினா அவங்க இன்னாங்க நம்புவாங்க?"

"படிவம் அப்படிதாம்மா. பேரெல்லாம் எழுத மாட்டோம்."

அவர் என்மேல் சந்தேகப்படவே இல்லை. அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்போ நீங்க ஒருவாட்டி வந்து வாயால சொல்லிடுங்க மேடம். வெள்ளிக்கெழம வரச் சொல்லி இருக்காங்க. அந்த சாரும் இல்ல, மாத்தலாகிப் போயிட்டாரு. நீங்க சொன்னா கேப்பாங்க."

அதிகாரியிடம் அனுமதி கேட்கவேண்டும் என்றேன். கேட்டால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டால் குறிப்பில் ஏன் எழுதவில்லை என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்கு என்ன சொல்வது?

புதன்கிழமை மாலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கே அந்த அம்மா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை, உள்ளே பச்சை நிலக்கடலை.

"மல்லாட்டை மேடம். எங்கள்து இல்ல, களை எடுக்கப் போன எடத்துல குடுத்தாங்க. வேவிச்சி சாப்பிடுங்க." பையைக் கையில் கொடுத்துவிட்டு, "வெள்ளிக்கெழம மறந்துடாதீங்க," என்றார்.

"வந்துடறேம்மா."

மல்லாட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கே வேகவைத்தேன். பிஞ்சும் முற்றலுமாக நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கூட்டம் இருந்தது. அது உண்மை. அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதும் உண்மை. தபால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தபாலைக் கொடுத்த பிறகு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, அப்புறம் இன்னொரு டீ என்று மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கம் போகிற பஸ்கள் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயின. ஏழோ எட்டோ போயிருக்கும். ஒன்றில் ஏறியிருந்தால்கூடச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

அங்கே நடந்ததை எங்கள் டிரைவர்தான் சொன்னார். அவருக்கு அந்த ஊரில் உறவு. வழக்கு கிழக்கு எதுவும் போடவில்லை. பேசி முடித்துவிட்டார்கள். அந்த அம்மா தன் ஆட்களை வைத்து ஐந்தாவது வீட்டுக்குக் கூரை வேய்ந்து தரவேண்டும். இனிமேல் எந்தக் காரணத்துக்காகவும் அடுத்தவர் வீட்டில் கைவைக்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். இரண்டையும் செய்தார். நடவுக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் வேறு ஆளோடு போக ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் டிரைவர் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்த பொம்பளை பின்னால் போகாதே என்று வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கிராமத்துக்கு நான் போகவில்லை. தீபாவளிக்கு முன்னால் போகவேண்டிய பட்டியலில் அந்த ஊரும் இருந்தது. வேறு ஊரைச் சேர்த்து அதை அடித்துவிட்டேன். பட்டியல் போடுகிறவளும் நான்தானே.

அடுத்த பங்குனியில் மறுபடி அழைப்பு வந்தது. அதே தெரு. பகல் நேரம், அதே கிழக்குக் காற்று. இந்த முறை இரண்டாவது வீட்டில் மின்கம்பி உரசி ஆரம்பித்ததாம். அரசு வீடு இன்னும் வராததால் எரிந்தவர்கள் மறுபடியும் சோகைதான் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஜீப்பில் போனோம். ஒன்றிலிருந்து பத்து வரை எல்லாம் சாம்பல். அந்த அம்மாவும் பெண்களும் சேர்ந்து புதிதாக வேய்ந்து கொடுத்த ஐந்தாவது வீடும் அதில் ஒன்று. பதினோராவது வீடு கூரை இல்லாமல் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் மூன்று வீடுகள் அப்படியே இருந்தன.

பதினோராவது வீடு அந்த அம்மாவுடையது. பிரித்துத் தள்ளிய சோகைக்கு நடுவே நின்று, எரியாததைத் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க மேடம்," என்றார். ஏன் அன்றைக்கு வரவில்லை என்று கேட்பார் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். கேட்கவில்லை.

"நாலாவது வூட்டாண்ட இருந்து ஒவ்வொருத்தர் கிட்டயும் ஓடி ஓடிச் சொன்னேங்க. உங்க கூரைய நீங்களே பிரிங்க, நான் தொரட்டி தர்றேன்னு. எவனும் கேக்கல. நம்ம வூடு வரைக்கும் வராதுன்னு ஒவ்வொருத்தனும் நின்னுக்கினு இருந்தான். நான் கைவைக்க முடியாது, எழுதிக் குடுத்து இருக்கேன். எங்க வூடு ஒண்ணுதான் என்னுது. அதான் வந்து அத பிரிச்சேன்."

நிலைய அலுவலர் தூரத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் தாளை எடுத்தேன். இதையாவது சரி செய்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன்.

"பேரு சொல்லுங்கம்மா. இந்தத் தடவ எல்லாத்தையும் எழுதறேன். நீங்க வூட்ட பிரிச்சது, மூணு வூடு பொழச்சது, போன வருஷம் பண்ணதையும் சேத்து எழுதறேன்."

அவர் பெயரைச் சொன்னார், நான் எழுதினேன். ஒரு வருடத்துக்கு மேல் பழகியும் அன்றைக்குத்தான் அவர் பெயரைக் கேட்கிறேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் எரிந்த வீடுகள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெண்கள் சாம்பலைக் கிளறிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாங்க மேடம். எழுதாதீங்க," என்றார்.

"ஏம்மா?"

"அப்ப எழுதி இருந்தீங்கன்னா உதவி இருக்கும். இப்ப எழுதினா அந்தப் பத்து வூட்டுக்காரங்களும் என்னாண்டதான் வருவாங்க. இவ்ளோ தெரிஞ்சவ, எங்க வூட்ட ஏன்டி எரிய வுட்டன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?"

அவர் குனிந்து மறுபடி சோகையைக் கட்ட ஆரம்பித்தார். தாளில் அதுவரை நான் எழுதியிருந்தது அவர் பெயர் ஒன்றுதான். அவர் கண்ணெதிரிலேயே அதை அடித்தேன்.